சைலண்ட் கீ: ஹாம் குழுவில் ஒரு மூத்தவர் மறைந்தால் எதை, எந்த வரிசையில் செய்வது

விஷயம் தெரிந்த ஒருவர் போய்விட்டால் நம் ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள்) குழுக்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான். அன்று முழுக்க வாட்ஸ்அப்பில் கைகூப்பிய எமோஜிகள். மறுவாரமே யாரோ ஒருவர் தனிச்செய்தியில், “அண்ணனோட லீனியர் விலைக்கு வருமா?” என்கிறார். (லீனியர் என்பது சிக்னலின் பலத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்.) ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மொட்டைமாடியில் ஆன்டெனா துருப்பிடித்துத் தொங்குகிறது, நோட்டுப் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன, அவர் பராமரித்த ரிப்பீட்டரின் (சிக்னலை வாங்கித் தொலைவுக்குத் திருப்பி அனுப்பும் நிலையத்தின்) சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

துக்கம் இல்லாததால் இப்படி ஆவதில்லை. யார் எதைச் செய்வது என்று பேசிவைக்காததால் ஆகிறது. இறந்த ஹாமை உலகம் முழுக்க ‘சைலண்ட் கீ’ (ஓய்ந்த மோர்ஸ் கீ) என்கிறோம். அமெரிக்க ஹாம் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்., தன் ‘க்யூ.எஸ்.டி.’ இதழில் இந்தப் பெயரிலேயே ஒரு பகுதி வெளியிடுகிறது. மரியாதை செய்யும் வழக்கம் நம்மிடம் நன்றாகவே இருக்கிறது. அதன் பிறகு வரும் வேலைகளுக்குத்தான் வழக்கம் எதுவும் இல்லை. அவற்றில் சிலவற்றுக்குக் கெடு உண்டு என்பதால் வரிசை முக்கியம்.

முதல் நாள்: உறுதி செய்யுங்கள், பிறகு சொல்லுங்கள்

கால் சைனில் (ஒவ்வொரு ஹாமுக்கும் உரிமத்தோடு தரப்படும் எழுத்து-எண் அடையாளம்) ஒரு எழுத்து மாறினால் ஆள் மாறிவிடும். உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலிப் பதிவு போட்ட குழுக்கள் உண்டு. குழுவில் அந்தக் குடும்பத்தோடு பழக்கமுள்ள ஒரே ஒருவர் போன் செய்து உறுதிப்படுத்தட்டும். செய்தியில் பெயர், கால் சைன், இறுதிச் சடங்கு எப்போது, நேரில் வருவதைக் குடும்பம் விரும்புகிறதா என்பது மட்டும் போதும். என்ன நோய், எப்படி இறந்தார் என்பதெல்லாம் குடும்பம் சொன்னாலொழிய வேண்டாம்.

வீட்டு முகவரியைப் பொதுக் குழுக்களில் போடாதீர்கள். லட்சக்கணக்கில் கருவிகள் இருக்கும் வீடு எது, அது எந்த நேரத்தில் பூட்டிக் கிடக்கும் என்று நாமே அறிவிப்பதாகிவிடும். வருகிறவர்களுக்குத் தனியாக அனுப்பலாம்.

குடும்பத்தோடு பேச ஒரே ஆள்

பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டால் அந்த வீட்டில் நம் எல்லோர் மீதும் நம்பிக்கை போய்விடும். ஒருவரை நியமியுங்கள். அவர் கருவி வாங்கும் எண்ணம் இல்லாதவராக இருந்தால் நல்லது. சடங்குகள் முடியும் வரை அவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

“அக்கா, அண்ணனோட ரூம்ல எதையும் இப்போதைக்கு விற்காதீங்க, யாருக்கும் தூக்கிக் கொடுக்காதீங்க, பழைய பேப்பர்னு நினைச்சு எதையும் போட்டுடாதீங்க. காரியம் எல்லாம் முடியட்டும். நாங்க வந்து ஒவ்வொண்ணா என்னன்னு எழுதித் தர்றோம். யாராவது போன் பண்ணி விலை கேட்டா என்கிட்ட பேசச் சொல்லுங்க.”

கடைசி வாக்கியம் அவசியம். கேட்கத்தான் போகிறார்கள்.

பதினாறாம் நாளோ நாற்பதாம் நாளோ, அந்த வீட்டு வழக்கப்படி எல்லாம் முடிந்த பிறகே கருவிகளைப் பற்றிய பேச்சு. ஒரே ஒரு விதிவிலக்கு, அடுத்து வருவது.

ஷாக் அறை: ஆபத்து உள்ளவற்றை மட்டும் உடனே

ஹாம் தன் கருவிகளை வைத்திருக்கும் அறையைத்தான் ‘ஷாக்’ என்கிறோம். ஆபத்தை நீக்குவதற்காக முதல் வாரத்திலேயே அனுமதி கேட்டு அரைமணி நேரம் போய்வரலாம். போனதும் எதையும் கழற்றாமல் அறையை நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். மேசைக்குப் பின்பக்கமும் எடுங்கள். எந்த ரிக் (ரேடியோ செட்) எந்த ட்யூனருக்கு, எந்த ஸ்விட்ச் எந்த ஆன்டெனாவுக்கு என்பது அந்த வயர்களின் இணைப்பில்தான் இருக்கிறது. ஒரு கேபிளை உருவிவிட்டால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இனி ஆள் இல்லை. கழற்றும் ஒவ்வொரு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் போடுங்கள்.

அடுத்து, மேலிருந்து வரும் கோ-ஆக்ஸ் கேபிள்கள். அவற்றைக் கருவிகளிலிருந்து பிரித்து, முடிந்தால் வீட்டுக்கு வெளியிலேயே எர்த் செய்துவிடுங்கள். அவர் இருந்தவரை இடி மேகம் தெரிந்தாலே எழுந்துபோய்க் கழற்றியிருப்பார். இப்போது அந்த வீட்டில் அதைச் செய்ய யாரும் இல்லை.

சார்ஜரில் கிடக்கும் லெட்-ஆசிட் பேட்டரி, மின்னழுத்தம் தெரியாத வீட்டுத் தயாரிப்பு லித்தியம் பேக், இரண்டையும் மின் இணைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வால்வு லீனியர் ஆம்ப்ளிஃபையரை யாரும் திறக்கக் கூடாது. உள்ளே பிளேட் சப்ளை 2,000 முதல் 3,000 வோல்ட் வரை ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கும். அதை வடியவைக்க வேண்டிய ப்ளீடர் ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால் எவ்வளவு நேரம் தங்கும் என்று சொல்லவே முடியாது. “தொடாதே, கொல்லும்” என்று பெரிதாக எழுதி மேலே ஒட்டுங்கள். பேரப்பிள்ளைகள் உள்ள வீடாக இருக்கலாம்.

கம்பம், டவர் விஷயத்தில் அவசரம் பருவத்தைப் பொறுத்தது. ஜனவரியில் என்றால் நிதானமாக இறக்கலாம். ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இறக்கிவிட வேண்டும். கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் ‘கை’ (guy) வயர்களின் இறுக்கத்தை ஆண்டுதோறும் சரிபார்த்தவர் அவர்தான். ஈ.பி. லைன் விழுதூரத்துக்குள் போகிறது என்றால் நண்பர்கள் கூடி இறக்கும் வேலையே வேண்டாம். மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தி, டவர் வேலை தெரிந்தவர்களை வைத்துச் செய்யுங்கள். ஒரு இழப்பே போதும்.

காற்றில் ஒரு அஞ்சலி

குழுவில் பதிவிடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். ஹாமுக்கு அஞ்சலி அலைவரிசையில்தான் நடக்க வேண்டும் என்பது என் கட்சி. அவர் வழக்கமாக வந்த நெட்டிலேயே (குறித்த நேரத்தில் பலர் அலைவரிசையில் கூடும் சந்திப்பு), அதே நேரத்தில் வையுங்கள். தமிழ்நாட்டு நிலையங்கள் எல்லாம் ஒன்றையொன்று கேட்க வேண்டுமென்றால் காலை வேளையில் 40 மீட்டர் பேண்ட் வசதி. கொழும்பு, யாழ்ப்பாணத்து 4எஸ்7 (இலங்கைக் கால் சைன்கள் இப்படித் தொடங்கும்) நண்பர்களும் அதில் வந்துவிடுவார்கள். கோலாலம்பூர் 9எம்2, சிங்கப்பூர் 9வி1 நண்பர்கள் அவருக்கு இருந்திருந்தால் 20 மீட்டரில் தனியாக ஒரு நேரம் குறித்துக்கொள்ளலாம்.

நெட் கன்ட்ரோல் செய்பவர் வழக்கம்போல் வருகைப் பதிவைத் தொடங்குகிறார். மறைந்தவரின் இடம் வரும்போது அவருடைய கால் சைனை அழைக்கிறார். பத்து விநாடி இடைவெளி. மறுபடி அழைக்கிறார். மறுபடி இடைவெளி. மூன்றாவது முறையும் பதில் இல்லாமல் போனதும், “ஒரு நிமிடம் யாரும் டிரான்ஸ்மிட் செய்ய வேண்டாம்” என்கிறார். அந்த ஒரு நிமிடம் எல்லோர் ஸ்பீக்கரிலும் அந்த பேண்டின் இரைச்சல் மட்டும் கேட்கும். பிறகு மோர்ஸ் நன்றாக வரும் ஒருவர், நிதானமான வேகத்தில், மறைந்தவரின் கால் சைனையும் 73-ஐயும் (வாழ்த்துகள் என்று பொருள்) அனுப்பி, டி-டி-டி-டா-டி-டா என்று முடிக்கிறார். உரையாடல் முடிந்தது என்று சொல்ல தந்திக்காரர்கள் அனுப்பிய அதே குறியீடுதான். கணினியில் அடித்து அனுப்பாதீர்கள். கை கீயில் அனுப்பினால் எழுத்துகளுக்கிடையே வரும் சின்னத் தயக்கமும் சேர்ந்து போகும்.

அதன் பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம். “நல்ல மனிதர், ஈடு செய்ய முடியாத இழப்பு” என்று பேச விட்டால் எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். அதனால் முன்கூட்டியே ஒரு கேள்வி கொடுத்துவிடுங்கள்: அவரிடமிருந்து நீங்கள் கற்ற ஒரு விஷயம் என்ன? ஒருவர், ஆன்டெனாவின் பொருத்தத்தைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை நம்புவதற்கு முன் டம்மி லோடு வைத்துப் பார்க்கச் சொன்னார் என்பார். இன்னொருவர், ஆன்டெனாவோடு கேபிளை இணைக்கும் பலுனைச் சுற்றும்போது டொராய்டில் இரண்டு கம்பியையும் ஒட்டினாற்போல் சேர்த்துச் சுற்றச் சொன்னார் என்பார். மூன்றாமவர், பயந்து பயந்து முதல் சிக்யூ (‘யாராவது பேசலாம்’ என்ற பொது அழைப்பு) அழைத்தபோது அவர்தான் பதில் தந்தார் என்பார். முழுவதையும் பதிவு செய்யுங்கள். பின்னால் செய்யப்போகும் தொகுப்பு வேலைக்கு முதல் சரக்கு இதுதான்.

குடும்பம் கேட்க விரும்பினால் ஒரு உறுப்பினர் ரிசீவரோடு அவர்கள் வீட்டுக்குப் போகட்டும். தினமும் காலையில் அந்த அறையில் என்ன நடந்தது என்று பல மனைவிமார்களுக்கு அன்றுதான் முழுதாகப் புரிகிறது.

கெடு உள்ளவை

போன். அவருடைய எண்ணுக்கு ரீசார்ஜ் நிற்கக் கூடாது. 90 நாள் பயன்பாடே இல்லாத சிம் துண்டிக்கப்படலாம், பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகும். எந்தக் கணக்கைத் திறக்கவும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் செயல்படாமல் இருந்தால் நீக்கப்படும். கூகுள் கணக்குக்கு 2 ஆண்டு.

குழு நிர்வாகம். அவர் மட்டுமே அட்மினாக இருந்த குழுக்கள் எவை என்று பட்டியலிடுங்கள். குடும்பத்தின் சம்மதத்தோடு, அவர்கள் கையாலேயே, அந்த போனிலிருந்து இன்னும் இருவரை அட்மின் ஆக்கச் சொல்லுங்கள். போனை நாம் வாங்கிப் பார்ப்பது கூடாது.

ரிப்பீட்டர், ரேடியோவை இணையத்தோடு இணைக்கும் எக்கோலிங்க் நோடு, ஏ.பி.ஆர்.எஸ். கேட்வே, குழுவின் இணைய முகவரி. இவற்றில் எதற்கெல்லாம் அவர் சொந்தக் காசில் கட்டணம் கட்டினார் என்பது பெரும்பாலும் அவர் போன பிறகுதான் தெரியவரும். ரிப்பீட்டர் உள்ள இடத்தின் உரிமையாளரிடம் ஒருவர் நேரில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். அந்த இடம் அவர் முகத்துக்காகக் கொடுக்கப்பட்டதாகக்கூட இருக்கலாம்.

நோட்டு, லாக், கார்டு, குரல்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கருவி யாரிடம் போனாலும் எங்கோ வேலை செய்துகொண்டிருக்கும். நோட்டு போனால் போனதுதான்.

பல வருடம் வீட்டிலேயே கருவி செய்தவரின் நோட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு பக்கத்தில் 40 மீட்டர் டைபோல் (இரண்டு கை உள்ள கம்பி ஆன்டெனா) படம், பென்சிலில். ஒவ்வொரு கைக்கும் 10.10 மீட்டர். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் இன்னொரு நீளம். கீழே, மழையில் ரெசொனன்ஸ் எவ்வளவு இறங்கியது, மாடித் தொட்டியின் இரும்புச் சட்டத்திலிருந்து தள்ளிக் கட்டியதும் எப்படி மாறியது என்று குறிப்பு. அடுத்த பக்கத்தில், ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த, வீட்டிலேயே செய்யக்கூடிய பிட்எக்ஸ் ரேடியோ சர்க்யூட்டில் உள்ளூரில் கிடைக்காத ஒரு டிரான்சிஸ்டருக்குப் பதிலாக ரிச்சி தெருவில் எது கிடைத்தது, அதற்காக எந்த ரெசிஸ்டரை மாற்றினார் என்பது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இருக்காது. நம் ஊர் மழைக்கும் நம் ஊர்க் கடைக்கும் ஏற்றபடி ஒருவர் கண்டுபிடித்தது.

நோட்டுகளை 300 டி.பி.ஐ.-யில், வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு-வெள்ளை முறையில் எடுத்தால் பென்சில் எழுத்து காணாமல் போகும். பக்க வரிசையை மாற்றாதீர்கள், வெற்றுப் பக்கத்தையும் சேர்த்தே எடுங்கள். நடுவில் செருகியிருக்கும் ரசீது, சிகரெட் அட்டை, பேருந்து டிக்கெட் பின்புறத்தில்தான் சில சமயம் சர்க்யூட் இருக்கும். மூலப் பிரதி குடும்பத்திடமே இருக்கட்டும். அவர்களுக்கு இடமில்லை என்றால் குழு வாங்கிக்கொள்ளலாம்.

கணினியில் உள்ள லாக் (யாரோடு, எப்போது பேசினார் என்ற பதிவேடு) எந்த மென்பொருளில் இருந்தாலும் ‘ஏடிஃப்’ என்ற பொது வடிவத்தில் ஏற்றுமதி செய்து மூன்று பிரதி எடுங்கள். 2003 முதல் ஏ.ஆர்.ஆர்.எல். நடத்தும் ‘லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட்’ போன்ற இணையவழித் தொடர்பு உறுதிப்படுத்தும் சேவைகளில் அவர் இன்னும் ஏற்றாத தொடர்புகள் இருந்தால், குடும்பத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு அந்த அமைப்புகளிடமே வழி கேளுங்கள். அவருடைய கடைசி மாதத் தொடர்புகளுக்கு எங்கோ ஒருவர் உறுதிப்படுத்தலுக்காகக் காத்திருப்பார். தபாலில் வந்துகொண்டே இருக்கும் க்யூ.எஸ்.எல். கார்டுகளுக்கு (பேசியதை உறுதிப்படுத்தி ஹாம்கள் அனுப்பும் அட்டைகள்) ஒரு வருடம் பதில் எழுத ஒரு ஆள் போடுங்கள். பதில் கார்டில் ‘சைலண்ட் கீ’ என்றும் தேதியும் குறிப்பிட்டால் போதும்.

பழைய கார்டுகளை ஷூ பெட்டி பெட்டியாகப் பார்த்ததும் மலைப்பு வரும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய முடியாது, தேவையும் இல்லை. முதல் கார்டு, அரிய இடங்களின் கார்டுகள், வரலாற்றோடு ஒட்டியவை, இவற்றைப் பிரியுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது போர்ட் பிளேரில் ஹாம் பயணக் குழுவோடு இருந்த பாரதி பிரசாத், உடனே அவசரச் செய்திப் பணிக்கு மாறினார். அந்த அந்தமான் பயணத்தின் கார்டு ஒன்று பெட்டியில் இருந்தால் அது வெறும் கார்டு இல்லை. மறைந்தவரே சுனாமி நாட்களிலோ 2015 சென்னை வெள்ளத்திலோ செய்தி கடத்தியவர் என்றால், அன்றைய கிறுக்கல் தாள்களைத் தனி உறையில் போடுங்கள். மொத்தத் தொகுப்பையும் வைத்துக்கொள்ள ஆளில்லை என்றால், வியன்னாவில் உள்ள ‘டோக்குஃபுங்க்’ ஆவணக் காப்பகம் உலகெங்கிலுமிருந்து க்யூ.எஸ்.எல். கார்டுகளைச் சேகரிக்கிறது. நோட்டு, செய்திமடல் வகையறாவுக்கு, இன்டர்நெட் ஆர்க்கைவ் 2022-இல் தொடங்கிய ஹாம் ரேடியோ டிஜிட்டல் நூலகம் இருக்கிறது.

இனி குரல். நம் குழுக்களில் மூத்தவர்கள் தட்டச்சு செய்வதில்லை. யாராவது சந்தேகம் கேட்டால் நான்கு நிமிட வாய்ஸ் மெசேஜ்தான். “தம்பி, நீ முதல்ல அந்த கோ-ஆக்ஸ் கனெக்டரை வெட்டிப் போட்டுட்டு புதுசு போடு, அப்புறம் ரிக்கைக் குறை சொல்லலாம்” என்ற தொனியில் ஒரு முழுப் பாடமே அதில் இருக்கும். குழுவை ‘எக்ஸ்போர்ட்’ செய்தால் எல்லாம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள், அதற்கு வரம்பு உண்டு. எந்த உறுப்பினரின் போனில் பழைய மீடியா அழியாமல் இருக்கிறது என்று கேட்டு, அவரிடமிருந்து கோப்புகளாகவே வாங்குங்கள். போன் மாற்றப்போகிறவர்கள் முதலில்.

பிறகு அவற்றை எழுத்தாக்குங்கள். கேள்வி, அவர் பதில், தேதி. அவர் பேச்சு நடையைத் திருத்தி எழுதாதீர்கள். ஆன்டெனா, பவர் சப்ளை, இரைச்சல், தேர்வு என்று நான்கைந்து தலைப்பில் பிரித்தாலே தேட வசதியாகிவிடும். குழுவில் எல்லோருக்குமாகச் சொன்னதைத் தொகுப்பதில் தயக்கம் வேண்டாம். தனிச்செய்தியில் சொன்னதைச் சேர்க்க வேண்டுமானால் குடும்பத்திடம் கேளுங்கள்.

கருவிகள்

ஹாம் உரிமம் அவர் பெயருக்கு மட்டும் உரியது, வாரிசுக்கு மாறாது. டிரான்ஸ்மிட்டரை உரிமம் இல்லாதவர் கையில் விடுவதும் விற்பதும் சட்டச் சிக்கல். ஆகவே உரிமம் தரும், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவுக்கு இறப்புச் சான்றிதழ் நகலோடு குடும்பத்தின் சார்பில் ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். எந்தக் கருவி, சீரியல் எண் என்ன, எந்த உரிமதாரரிடம் எந்தத் தேதியில் போனது என்று கையெழுத்தோடு ஒரு பட்டியலும் குடும்பத்திடம் இருக்கட்டும்.

விலையை இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் பேசாமல் எழுதித் தரட்டும். அதில் யாரும் வாங்குபவராக இருக்கக் கூடாது. ஐகாம் 7300 போன்ற ரிக்குக்குச் சந்தை விலை எல்லோருக்கும் தெரியும். சண்டை வருவது பழைய கென்வுட் டிஎஸ்-520, கையால் செய்த ட்யூனர், பெட்டி நிறைய வால்வுகள் போன்றவற்றில்தான். “அண்ணன் எனக்குத் தர்றேன்னு சொல்லியிருந்தார்” என்று வருபவர்களுக்கு ஒரே பதில்: எழுத்தில் இருந்தால் காட்டுங்கள், இல்லையென்றால் விலை கொடுங்கள்.

பல வருடம் மின்சாரம் பார்க்காத வால்வு செட்டை “ஓடுகிறதா பார்ப்போம்” என்று நேராக 230 வோல்ட்டில் சொருகாதீர்கள். வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து மெல்ல ஏற்றுங்கள், இல்லையென்றால் பழைய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் வெடிக்கக்கூடும்.

மோர்ஸ் கீயை விற்பனைப் பட்டியலில் சேர்க்காமல் குடும்பத்திடம் முதலில் காட்டுங்கள். சிலரிடம் தந்தி அலுவலகத்துப் பித்தளைக் கீ இருக்கும். இந்தியாவில் தந்திச் சேவையே 2013 ஜூலையில் நின்றுவிட்டது. அலமாரியில் வைக்க அந்த வீட்டுக்கு வேறு என்ன வேண்டும்?

கால் சைனும் நினைவும்

ஏ.ஆர்.ஆர்.எல். நிறுவனர்களில் ஒருவரான ஹைரம் பெர்சி மாக்சிம் 1936-இல் இறந்தார். அவருடைய கால் சைனான டபிள்யூ1ஏடபிள்யூ இன்றும் அந்தச் சங்கத்தின் நிலையத்தில் ஒலிக்கிறது. அமெரிக்காவில் மறைந்தவரின் கால் சைனை இரண்டு ஆண்டுக்குப் பொதுவாக யாருக்கும் தருவதில்லை. நெருங்கிய உறவினருக்கும், குடும்பச் சம்மதம் பெற்ற கிளப்புக்கும் விலக்கு உண்டு. ஜோர்டான் மன்னர் ஹுசைன் ஜேஒய்1 என்ற கால் சைனில் சாதாரண ஹாம்களோடு பேசிவந்தவர். 1999-இல் மறைந்தார். 2018 டிசம்பரில் அவர் நினைவாக அதே பெயரில் ஒரு சிறு செயற்கைக்கோள் ஏவப்பட்டது.

நமக்கு செயற்கைக்கோள் வேண்டாம். அவர் பெயரில் ஆண்டுக்கு ஒருமுறை கோப்பை கொடுப்பதைவிட, ஏ.எஸ்.ஓ.சி. (ஹாம் உரிமத்துக்கான) தேர்வு எழுதும் ஒரு மாணவருக்கு மறைந்தவரின் பழைய கையடக்க ரேடியோவை, உரிமம் கிடைத்த பிறகு, இரவலாகத் தரலாம். கோப்பை அலமாரிக்குப் போகும், ரேடியோ காற்றுக்கு வரும்.

இனி யார் பதில் சொல்வது?

ஒருவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்த குழு, அவர் போனதும் ஊமையாகிவிடும். கேட்பவர் கேட்டுவிட்டுக் காத்திருப்பார், தெரிந்தவர்கூட “அவர் அளவுக்கு நமக்கு என்ன தெரியும்” என்று பேசாமல் இருப்பார். எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் மென்பொருள் தெரியும். அதன் முக்கிய நிரலாளர்களில் ஒருவரும், பயனர்களின் கேள்விகளுக்குச் சளைக்காமல் பதில் எழுதிவந்தவருமான பில் சோமர்வில் (கால் சைன் ஜி4டபிள்யூஜேஎஸ்) 2021-இன் இறுதியில் திடீரென்று மறைந்தார். உலகம் முழுக்க ஹாம்களை உலுக்கிய இழப்பு. ஆனாலும் மென்பொருள் நிற்கவில்லை. மூல நிரல் திறந்தே இருந்தது, அதில் கைவைக்கத் தெரிந்த மற்றவர்களும் இருந்தார்கள்.

அதனால் தலைப்பு வாரியாக இரண்டிரண்டு பேரிடம் கேட்டு ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். ஆன்டெனாவுக்கு இருவர், டிஜிட்டல் முறைகளுக்கு இருவர், தேர்வுக்கும் உரிமத்துக்கும் இருவர். தவறாகச் சொன்னாலும் பரவாயில்லை, இன்னொருவர் திருத்துவார். அவருக்குப் பதிலாக இன்னொரு ‘எல்லாம் தெரிந்தவரை’ உட்காரவைக்க மட்டும் முயலாதீர்கள்.

உங்கள் மேசைக்கும் ஒரு தாள்

இவ்வளவையும் ஒரு வீட்டில் செய்து முடித்தவர்கள் அந்த வாரமே தங்கள் ஷாக்கில் ஒரு தாள் ஒட்டுவது நல்லது. ஆபத்தான கருவி எது, எதைத் தொடக் கூடாது. இரவல் வாங்கியது எது, யாருடையது. இரவல் கொடுத்தது யாரிடம் இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் நியாயமான விலை, பென்சிலில், ஆண்டுக்கு ஒருமுறை திருத்தி. லாக் கோப்பு எந்த டிரைவில். எந்த ரிப்பீட்டருக்கு, எந்த இணைய முகவரிக்கு நீங்கள் காசு கட்டுகிறீர்கள். வீட்டார் முதலில் அழைக்க வேண்டிய இரண்டு ஹாம் நண்பர்களின் எண்கள். பாஸ்வேர்டுகளை அதில் எழுத வேண்டாம், அவை எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். கூகுள் கணக்கில் ‘இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ என்ற வசதி இருக்கிறது. 3 முதல் 18 மாதம் வரை ஒரு கெடு வைத்து, அதற்குள் நீங்கள் தலைகாட்டாவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று அதில் குறித்துவிடலாம். பத்து நிமிட வேலை.